நாலு ஆட்டம், நாலு ஊர், இறுதிப்போட்டி மட்டும் இல்லை

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு அணியால் வாரத்துக்கு ஒரு ஆட்டம்தான் ஆட முடியும். முழு வேகத்தில் ஓடி வந்து மோதுவதும் தள்ளுவதுமான ஆட்டம் அது. உடம்பு தேற ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். என்சிஏஏ என்ற அந்த நாட்டுத் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பைச் சேர்ந்த சிறு கல்லூரிகள் தங்களுக்கென்று ஒரு முறையான சாம்பியனைப் பார்க்க 1973 வரை காத்திருந்ததற்கு இந்த ஏழு நாள் இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

கணக்கு எளிது. நாக்-அவுட் முறையில் ஒரு ஆட்டம் ஒரு அணியை வீட்டுக்கு அனுப்பும். 8 அணிகளில் ஒன்று மிஞ்ச 7 ஆட்டம் போதும். ஆனால் அவற்றை மூன்று சுற்றாகத்தான் நடத்த முடியும், சுற்றுக்கு ஒரு வாரம். வழக்கமான சீசன் முடிவதே நவம்பரில். அதற்கு மேல் மூன்று வாரம் என்றால் தேர்வு, பனி, பயணச் செலவு எல்லாம் குறுக்கே வரும். பணவசதி இல்லாத கல்லூரிக்கு இது பெரிய சுமை.

அதனால் வேறொரு வழி வளர்ந்தது. குளிர்காலத்திலும் வெயில் அடிக்கும் ஒரு ஊர் இரண்டு அணிகளை அழைக்கும், ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிடும். கலிபோர்னியாவின் பாசடீனா 1902-லேயே புத்தாண்டன்று இப்படி ஒரு ஆட்டத்தை நடத்தியது. 1930-களில் மயாமியும் நியூ ஆர்லியன்ஸும் டல்லஸும் சேர்ந்துகொண்டன. ஊருக்கு விளம்பரம், விடுதிகளுக்குக் கூட்டம். இவற்றுக்கு ‘பவுல்’ ஆட்டங்கள் என்று பெயர். பெரிய பவுல்கள் பெரிய பல்கலைக்கழகங்களைத்தான் அழைத்தன.

சின்னக் கல்லூரிகளுக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ. அங்கிருந்த எல்க்ஸ் என்ற சமூக சேவைச் சங்கத்தினர் தொடங்கிய டேஞ்சரின் பவுல் முதன்முதலில் 1947 ஜனவரி 1 அன்று நடந்தது. கடாபா கல்லூரி மேரிவில் கல்லூரியை 31-6 என்று வென்றது. வசூல் முழுவதும் தர்ம காரியத்துக்குப் போனதால், ‘பெரிய மனசுள்ள குட்டி பவுல்’ என்று அதைக் கொண்டாடினார்கள்.

அழைப்பு முறையில் ஒரு ஆபத்து உண்டு. யார் ஆடலாம் என்பதை ஆட்டத்தின் முடிவுகள் தீர்மானிப்பதில்லை, அழைப்பவரும் மைதானத்தைக் கையில் வைத்திருப்பவரும் தீர்மானிக்கிறார்கள். 1958-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகம் 8 வெற்றி, 1 தோல்வியோடு சீசனை முடித்தது. ஆர்லாண்டோவிலிருந்து அழைப்பு வந்தது. அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் பவுல் அழைப்பு அது. ஆனால் மைதானத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த உள்ளூர்ப் பள்ளி விளையாட்டுச் சங்கம், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து ஆட அனுமதிப்பதில்லை. பஃபலோவில் வில்லி எவன்ஸ், மைக் வில்சன் என்று இரண்டு கறுப்பின வீரர்கள். அவர்களை விட்டுவிட்டு வரலாம் என்றார்கள். முடிவு வீரர்களிடமே விடப்பட்டது. யாருமே போகவில்லை, ஒருமனதாக மறுத்துவிட்டார்கள். இருபது வயதுப் பையன்கள் இதைச் செய்தார்கள் என்பது இன்று படித்தாலும் நெஞ்சை நிறைக்கிறது. பஃபலோ தன் முதல் பவுல் ஆட்டத்தை ஆட 2009 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1964-ல் என்சிஏஏ இந்தச் சிறு கல்லூரி பவுல்களை ஓரளவு ஒழுங்குபடுத்தியது. நாடு நாலு மண்டலமாகப் பிரிக்கப்பட்டது, மண்டலத்துக்கு ஒரு பவுல். கிழக்குக்கு ஆர்லாண்டோ. மற்ற மூன்றும் டென்னசியின் மர்ஃப்ரீஸ்பரோ, டெக்சாஸின் ஆபிலீன், கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆகிய ஊர்களில். அந்த நாலு வெற்றியாளர்களும் அப்புறம் மோதிக்கொள்ளவில்லை. அவரவர் மண்டலப் பட்டத்தோடு ஊர் திரும்பினார்கள். தேசத்தில் யார் முதல் என்பதை ஏபி, யுபிஐ செய்தி நிறுவனங்களின் வாக்கெடுப்புதான் சொன்னது.

1965 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்லாண்டோவில் கிழக்கு கரோலினா 31-0 என்று மேய்ன் அணியை வென்றது. ஆபிலீனில் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 20-7 என்று கிராம்ப்ளிங்கை வென்றது. மர்ஃப்ரீஸ்பரோவிலோ டென்னசி ஏ அண்ட் ஐ-யும் பால் ஸ்டேட்டும் 14-14 என்று சமநிலையில் நின்றுவிட்டன. சரி, அடுத்து என்ன? ஒன்றுமில்லை. அடுத்த சுற்று இருந்தால்தானே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அவசியம் வரும்!

இந்த ஏற்பாட்டால் ஒரு நல்லதும் நடந்தது. 1966-ல் கறுப்பின மாணவர்களுக்காகப் பெயர்பெற்ற மார்கன் ஸ்டேட் கல்லூரி ஆர்லாண்டோவுக்கு வந்து, வெஸ்ட் செஸ்டரை 14-6 என்று வென்றது. பஃபலோ அணியை அப்படியே உள்ளே விடாத ஊரில், எட்டே ஆண்டில். டேஞ்சரின் பவுலின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான்.

1968-ல் ஆர்லாண்டோ பெரிய கல்லூரிகள் பக்கம் போய்விட்டது. இன்று அந்த ஆட்டத்தின் பெயர் சிட்ரஸ் பவுல். சின்னக் கல்லூரிகளின் கிழக்கு மண்டல ஆட்டம் அட்லாண்டிக் சிட்டிக்கு மாறியது.

1973-ல் என்சிஏஏ கல்லூரிகளை மூன்று பிரிவாக வகுத்தது. இரண்டாம் பிரிவுக்கு 8 அணி நாக்-அவுட், மூன்றாம் பிரிவுக்கு 4 அணி நாக்-அவுட். பழைய பவுல்கள் சிலவற்றைத் தூக்கி எறியாமல் இதற்குள்ளேயே பொருத்தினார்கள். மர்ஃப்ரீஸ்பரோவில் தொடங்கிய ஆட்டம் அரையிறுதியாகவும், சாக்ரமென்டோ ஆட்டம் இறுதியாகவும் மாறின. அந்த இறுதியில் லூசியானா டெக் 34-0 என்று மேற்கு கென்டக்கியை வென்றது. மூன்றாம் பிரிவின் முதல் பட்டம் ஜூனியாட்டாவை 41-0 என்று வீழ்த்திய விட்டன்பர்குக்கு.

மூன்றாம் பிரிவில் 2024 முதல் 40 அணிகள் ஆடுகின்றன. 40 என்பது இரண்டால் வகுத்துக்கொண்டே போய் ஒன்றில் முடியும் எண் அல்ல. அதனால் முதல் வாரம் 16 அணிகள் மட்டும் ஆடி, 8 வெளியேறும். மிச்சம் 32, அதற்கப்புறம் ஐந்து சுற்று. மொத்தம் 39 ஆட்டம், 6 சுற்று. இறுதிப்போட்டி ஜனவரிக்குத் தள்ளிப்போய்விட்டது.