நானூறில் ஒருவருக்கு நோய் என்றால், மீதி 399 பேர்?

ஆனைகட்டி தாண்டி கேரளத்தின் அட்டப்பாடிக்குள் ஓர் ஊரில் ரத்தப் பரிசோதனை கேம்ப். ஏழு வயதுப் பையனின் அம்மா, ரிப்போர்ட்டை மடித்து முந்தானையில் முடிந்தபடியே கேட்டார்: "எனக்கும் ஒண்ணுமில்ல, அவங்கப்பாவுக்கும் ஒண்ணுமில்ல. புள்ளைக்கு மட்டும் எப்படி டாக்டர் அரிவாள் நோய் வந்துச்சு?" கைகால் வலி என்று இரண்டு வருஷம் அலைந்திருக்கிறார்கள். போன இடத்தில் எல்லாம் சத்து டானிக்தான் கிடைத்திருக்கிறது.

ஹீமோகுளோபினுக்கான மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு ஜோடியாக வருகிறது. இரண்டும் பழுது என்றால் சிக்கிள் செல் நோய், அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் அந்த அரிவாள் நோய். ஒன்று மட்டும் பழுது என்றால் கேரியர். பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. அந்தப் பெற்றோர் இருவரும் கேரியர்கள். இப்படி வெளியே தெரியாமல் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட 1908-லேயே இரண்டு பேர் தனித்தனியாக வழி சொன்னார்கள். ஒருவர் ஜெர்மன் மருத்துவர் வைன்பெர்க். இன்னொருவர் ஹார்டி, பின்னாளில் நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டி.

கணக்குக்காக, 400 பேரில் ஒருவருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் பழுதான அல்லீல் (ஜோடியாக வரும் மரபணுவில் ஒன்றை இப்படிச் சொல்வோம்) இரண்டு முறை வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் 400-ல் 1 என்பதற்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 20-ல் 1. இதுதான் அந்த மக்களிடம் பழுதான அல்லீலின் அளவு. நல்ல அல்லீல் 20-ல் 19. இரண்டையும் பெருக்கி, பழுது அம்மா வழியிலும் வரலாம், அப்பா வழியிலும் வரலாம் என்பதால் இன்னொரு இரண்டால் பெருக்கினால் 400-ல் 38. நோயாளி ஒருவர், கேரியர் 38 பேர்! மீதி 361 பேருக்குத்தான் பழுதே இல்லை. எல்லோரையும் பரிசோதித்துவிட்டால் இந்த வர்க்கமூலமே தேவையில்லை, நேராக எண்ணிவிடலாம். 400 பேரிடம் 800 அல்லீல். கேரியர்களிடம் 38, நோயாளியிடம் 2, ஆக 40. அதே 20-ல் 1.

ஆனால் இந்தக் கணக்கு, யார் யாரை வேண்டுமானாலும் மணப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போட்டது. நம் பக்கம் அப்படியா? இருளர், முடுகர், குறும்பர், கீழே இருந்து வந்து குடியேறிய தமிழர்கள் என்று பெண் கொடுத்து எடுக்கும் வட்டம் தனித்தனி. எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால், நோய் அதிகமுள்ள ஊரின் நிலைமை அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகும். நம் நாட்டில் சிக்கிள் செல் முதலில் பதிவானதே 1952-ல், பக்கத்து நீலகிரி மலைமக்களிடம்தான். ஆனாலும் அது மலைக்காரர்கள் நோய் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது பெரிய தவறு.

அப்புறம், சொந்தத்தில் கட்டுவது. அதே 20-ல் 1 அளவில், மாமன் மகள், அத்தை மகன் முறைத் திருமணங்களில் பிறக்கும் 400 குழந்தைகளை எடுத்துக்கொண்டால் 2 பேருக்குச் சற்று மேல் நோய் வரும். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் 3 பேருக்கும் மேல். அல்லீல் ஒன்றுகூடக் கூடவில்லை. பரவிக் கிடந்த பழுது ஒரே குழந்தையிடம் வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

அதனால்தான் கல்யாணம் பேசும்போதே பரிசோதியுங்கள் என்று ஒவ்வொரு ஊரிலும் கெஞ்சுகிறேன். இருவருமே கேரியர் என்றால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 4-ல் 1 வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி வராது என்பதெல்லாம் கிடையாது.

மறுவாரம் அந்த அம்மா தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு சொட்டு ரத்தத்தைக் கரைசலில் விட்டு, கோடு போட்ட தாளின் முன்னால் குழாயைப் பிடித்தோம். பழுது இல்லையென்றால் பின்னால் உள்ள கோடு தெளிவாகத் தெரியும். தம்பியின் குழாய் கலங்கி, கோடு மறைந்துவிட்டது. கேரியரா, நோயாளியா என்பதை இது சொல்லாது. அதற்கு, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி பரிசோதனை பார்க்க வேண்டும். மாதிரியை எடுத்து அனுப்பியிருக்கிறோம். அவருக்குப் பேசியிருப்பது மாமன் மகளை. அந்தப் பெண்ணையும் வியாழக்கிழமை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.