பழனி நடையும் காலில் வரும் கொப்புளமும்

தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நத்தம் தாண்டுவதற்குள் காலில் கொப்புளம் வந்துவிடுகிறது. தார்ச்சாலைச் சூட்டினாலா? உடைத்துவிடலாமா?"

சூடும் ஒரு காரணம்தான். ஆனால் முக்கியமான வேலை தோலுக்குள்ளே நடக்கிறது. ஆள்காட்டி விரலை மறுகையின் புறங்கையில் அழுத்தி, வழுக்காமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விரலோடு தோலும் போகும். அடியில் எலும்பு அப்படியே நிற்கும். நடக்கும்போது இது தலைகீழ். உள்ளங்கால் தோல் தரையைப் பிடித்து நிற்க, எலும்பு முன்னே நகர்கிறது. நடுவில் மாட்டிய மேல்தோல் இழுபடுகிறது. ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பின், மேல்தோலின் நடு அடுக்கில் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. அந்தப் பிளவில் நீர் ஊறுகிறது. மெல்லிய தோலாக இருந்தால் உரிந்தே போயிருக்கும்; உள்ளங்காலில் மேலே கெட்டித் தோல் இருப்பதால் நீர் தங்கிக் கொப்புளமாகிறது.

இதில் அழகு என்னவென்றால், பிளவுக்குக் கீழே அடிச்செல்கள் சேதமில்லாமல் இருக்கின்றன. சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கி, ஐந்தாறு நாளில் அந்தக் கூரைக்கு அடியிலேயே புதுத்தோல் போட்டுவிடுகின்றன. அதனால்தான் பெரும்பாலும் தழும்பு விழுவதில்லை.

ஆகவே உடைக்காதீர்கள். கால் ஊன்றவே முடியாத அளவுக்குப் பெரிதென்றால், கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள். மேல்தோலை உரிக்காமல் மூடிக் கட்டுங்கள்.

லேசாக ஈரமான தோல் தரையை இன்னும் இறுகப் பிடிக்கும். வழியில் காலுக்குத் தண்ணீர் ஊற்றினால் துடைத்து, காயவிட்டு நடங்கள். ஓரிடம் கதகதவென்று எரிய ஆரம்பித்ததுமே காகித பிளாஸ்திரி ஒட்டுங்கள்.

விரதத்தில் குறை இருந்தால்தான் கொப்புளம் வரும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வலியோடு நடப்பவர் மேல் பழியையும் ஏற்றுவது அநியாயம். கொப்புள ஆய்வுகளில் கணிசமானவை பூட்ஸ் போட்ட ராணுவ வீரர்களைப் பற்றியவை. வெறுங்காலில் தார்ச்சாலையில் நடக்கும் நம் மக்களுக்கென்று ஆய்வு வேண்டும்; தை மாதத்தில் திண்டுக்கல் சாலையோரம் ஒரு மருத்துவக் குழு உட்கார, அரசு பணம் ஒதுக்கலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் ஊசியைத் தொடவே வேண்டாம். நரம்பு மரத்திருந்தால் வலி தெரியாது. ஒவ்வொரு இரவும் தங்குமிடத்தில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், கொப்புளம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு நடையைத் தொடருங்கள்.