பழைய புரொஜெக்டர் டியூபில் மின்கசிவு: காற்றை வெளியேற்றுவதே வைத்தியம்

முதலில் திரையில் படம் ஒரு கணம் விரிந்து சுருங்கும். அப்புறம் எப்போதாவது 'டப்' என்று ஒரு சத்தம், மின்னல் போல ஒரு வெட்டு. சில நாள் கழித்து, ஆன் செய்த கொஞ்ச நேரத்திலேயே புரொஜெக்டர் தானாக அணைந்துவிடும். சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்துக்கு ஒன்றாக மூன்று டியூப் (CRT படக்குழாய்) வைத்த பழைய புரொஜெக்டரை இன்றும் பாதுகாத்து ஓட்டுகிறவர்கள் மின்கசிவின் இந்த வரிசையை நன்றாக அறிவார்கள்.

இந்த நிலையில் வந்த ஒரு புரொஜெக்டரை மூடி கழற்றி, அறையை முழு இருட்டாக்கி, மூன்றடி தள்ளி நின்று பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆனது. முதலில் கேட்டது மெல்லிய சீறல். அடுத்து மூக்கில் ஏறியது ஓசோனின் காட்டமான வாசனை. கடைசியாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது: சிவப்பு டியூபின் ஆனோடு (உயர் மின்னழுத்தம் டியூபுக்குள் நுழையும் முனை) மூடியைச் சுற்றி நகக்கண் அளவுக்கு ஊதா நிறத்தில் ஒரு பிறை. அதன் ஒரு நுனியிலிருந்து கண்ணாடி மேல் மயிரிழை போல ஒரு கோடு கிளம்பி, துடித்து, மறைந்தது. கசிவு அங்கேதான்.

ஒரு சின்ன டியூபுக்கு இவ்வளவு மின்னழுத்தம் எதற்கு? இந்த டியூபின் முகம் 7 முதல் 9 அங்குலம்தான். அதில் விழும் படம் லென்ஸ் வழியாகப் பெரிய திரையை நிரப்ப வேண்டும். ஆகவே சாதாரண டிவி டியூபைவிடப் பல மடங்கு வெளிச்சம் தேவை. அதற்காக எலக்ட்ரான்களை 30,000 முதல் 35,000 வோல்ட் வரை வைத்து இழுக்கிறார்கள். 34,000 வோல்ட் இழுத்த எலக்ட்ரான் நொடிக்கு ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாஸ்பரில் (டியூபின் முகத்தில் உள்ள ஒளிரும் பூச்சு) மோதும். அது ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு. கசிவால் மின்னழுத்தம் இறங்கினால் எலக்ட்ரானின் வேகம் குறையும், காந்தச் சுருள் அதை அதிகமாக வளைத்துவிடும். படம் விரிந்து சுருங்குவது இதனால்தான்.

டியூபின் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு கடத்தும் பூச்சு, அதில் முழு அழுத்தம். வெளிப்பக்கம் கிராஃபைட் பூச்சு, அது எர்த்தோடு சேர்ந்தது. நடுவில் சில மில்லிமீட்டர் கண்ணாடி. உள்ளே அழுத்தத்தைக் கொண்டுபோகும் ஆனோடு பட்டனைச் சுற்றி மட்டும் கிராஃபைட் பூசாமல் வட்டமாக விட்டிருப்பார்கள். 34,000 வோல்ட்டுக்கும் பூஜ்ய வோல்ட்டுக்கும் இடையே காவல் நிற்பது அந்தச் சில சென்டிமீட்டர் வெறும் கண்ணாடிதான். அதனால் அது பளிங்கு போலச் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஆனால் இருப்பதில்லை. உயர் மின்னழுத்தம் தூசியை இழுத்து ஒட்டவைக்கும். தூசி ஈரத்தைக் குடிக்கும். டியூபின் முகத்தைக் குளிர்விக்க முன்னால் நிரப்பியிருக்கும் கிளைக்கால் (glycol) திரவம், வயதான ரப்பர் வளையம் வழியாக ஒழுகினால் இன்னும் மோசம். இப்படி ஒரு பாதை கிடைத்ததும் மின்சாரம் மெதுவாக ஊர ஆரம்பிக்கும். ஒருமுறை பொறி ஓடிவிட்டால், வழியிலுள்ள அழுக்கும் பிளாஸ்டிக்கும் கருகிக் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த பொறிக்குப் பாதை தயார்.

இந்த இடத்தில் பலரும் செய்கிற தவறு, இன்சுலேஷன் டேப்பை எடுத்துச் சுற்றுவது. ஒழுகுகிற குழாயை அடைப்பது போன்ற எண்ணம் அது. மின்கசிவு அப்படிப்பட்ட ஓட்டை இல்லை. டேப்புக்கு அடியில் எப்படியும் மெல்லிய காற்று இடுக்கு இருக்கும், உண்மையான எதிரி அந்தக் காற்றுதான்.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். சாதாரணக் காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் தாங்கும். கூரான முனை இருந்தால் அங்கே மின்புலம் குவிந்து, அதைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே காற்று உடையும். மின்கசிவைத் தடுக்கப் பூசும் நல்ல சிலிக்கோன் ரப்பர் மில்லிமீட்டருக்குச் சுமார் 20,000 வோல்ட் தாங்கும். அப்படியானால் கொஞ்சம் சிலிக்கோன், கொஞ்சம் காற்று என்று இருந்தால் பாதுகாப்பும் நடுத்தரமாக இருக்கும் என்று தோன்றும். அப்படி நடக்காது. இரண்டும் அடுத்தடுத்து இருக்கும்போது மின்புலம் சமமாகப் பிரிவதில்லை. சிலிக்கோனின் மின்கடவுத்திறன் (மின்புலத்தைத் தனக்குள் தணிக்கும் திறன்) காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே ஆன் செய்கிற நொடியில், தட்டையான காற்று இடுக்கில் மின்புலம் சிலிக்கோனில் இருப்பதைப்போல் மூன்று மடங்காக ஏறுகிறது. சிலிக்கோனில் மில்லிமீட்டருக்கு 4,000 வோல்ட் என்றால் இடுக்கில் 12,000. பலமில்லாதவன் தலையில்தான் பெரிய சுமை விழுகிறது. காற்று உடைந்து உள்ளுக்குள்ளேயே பொறி கிளம்பும். அந்தப் பொறி பக்கத்துச் சுவரை அரிக்கும், காற்றுக் குமிழி பெரிதாகும். டேப் சுற்றிய இடம் சில வாரங்களில் மறுபடி சீற ஆரம்பிப்பதற்குக் காரணம் இதுதான். எவ்வளவு தடிமனாகச் சுற்றினோம் என்பதைவிட, அடியில் எவ்வளவு காற்றை விட்டுவைத்தோம் என்பதே முக்கியம்.

கை வைப்பதற்கு முன் ஒன்று. பிளக்கைப் பிடுங்கியதும் டியூப் செத்துவிடுவதில்லை. இரண்டு பூச்சும் நடுவே கண்ணாடியும் சேர்ந்தால் அது ஒரு மின்தேக்கி. 500 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 34,000 வோல்ட்டில் ஏறக்குறைய 0.3 ஜூல் ஆற்றல் அதில் நிற்கும். அந்த அதிர்ச்சியில் கை உதறி டியூபின் கழுத்தில் பட்டால், வெற்றிடக் கண்ணாடி உடையும். எனவே உயர் அழுத்தத்துக்கான கம்பியை, மின்தடை (ரெசிஸ்டர்) வழியாக, டியூபின் வெளிப்பூச்சைத் தொடும் எர்த் பின்னல் கம்பியோடு முதலில் இணைத்து, அதற்குப் பிறகே ஆனோடு முனையைத் தொட்டு இறக்க வேண்டும். ஒரு கை எப்போதும் பின்னால். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் இறக்க வேண்டும். கண்ணாடி தனக்குள் பிடித்து வைத்த மின்னூட்டத்தை மெல்ல மெல்ல வெளியே விடும், காலியான டியூப் தானாகவே மறுபடி ஏறும். இந்த வேலையில் பழக்கம் இல்லாதவர், பழகியவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே கூடாது.

சரி, வைத்தியத்துக்கு வருவோம்: அடியில் காற்று மாட்டாமல் புதுச் சிலிக்கோன் பூசுவது. ஆனோடு மூடியைச் சுற்றியுள்ள பழைய சிலிக்கோனை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் துண்டாலோ முழுதாக உரிக்க வேண்டும். இரும்பு பட்டால் கண்ணாடியில் கீறல் விழும். கரி படிந்த கோடு ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் புதுப் பூச்சுக்கு அடியில் பழைய பாதை அப்படியே இருக்கும். கிளைக்கால் பிசுக்கு இருந்தால் முதலில் காய்ச்சி வடித்த நீர், அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹால். ஆல்கஹால் ஆவி முழுதும் போகும்வரை மின்சாரத்தை நினைக்கவே வேண்டாம், அது பொறியில் பற்றிக்கொள்ளும். கிராஃபைட் பூச்சின் ஓரம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால், அந்த முனைகளைத் துடைத்தெடுத்துவிட்டு, கடத்தும் கிராஃபைட் பெயின்ட் தொட்டு ஓரத்தை வழவழப்பாக்க வேண்டும்.

சிலிக்கோனில் எல்லாம் ஒன்றல்ல. காயும்போது வினிகர் வாசனை அடிக்கும் வகை அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டு உலோகத்தை அரிக்கும். எலக்ட்ரானிக்ஸுக்கென்று விற்கும் நியூட்ரல் வகைதான் வேண்டும். சிலிக்கோன் டியூபின் மூக்கை அடியில் ஊன்றி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூக்கைத் தூக்காமல் பிதுக்கினால் காற்று முன்னால் தள்ளப்பட்டு வெளியேறும். மூக்கைத் தூக்கித் தூக்கி வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு குமிழி மாட்டும். ஓரத்தைச் சரிவாக இழுத்து, கண்ணாடி மேல் அகலமாகப் படியவிட வேண்டும். மின்சாரம் ஊர வேண்டிய தூரம் அவ்வளவுக்கு நீளும்.

இதற்கு மேல் பொறுமைதான். சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, வெளியிலிருந்து உள்நோக்கிக் காய்கிறது. நாளைக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். ஒரே உருண்டையாக அப்பினால் மேல்தோல் காய்ந்திருக்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். மெல்லிய அடுக்குகளாக, அடுக்குக்கு ஒரு நாள் விடுவதே நல்லது.

எல்லாக் கசிவும் இதற்கு மசியாது. உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரின் எபாக்ஸி (கெட்டிப் பிசின் உறை) வெடித்திருந்தால், கரி உள்ளே போயிருக்கும். அதை மேல்பூச்சால் மூடுவது சில நாள் ஆறுதல்தான், மாற்றிவிடுவது மேல். கம்பியின் உறையில் ஊசித் துளை விழுந்தாலும் அப்படியே. டியூபின் கழுத்துக்குள்ளேயே ஊதா ஒளி நிரம்பி, கண்ணாடியில் வெள்ளிபோல மின்னும் படலம் பால் வெள்ளையாக மாறியிருந்தால், உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த டியூப் முடிந்தது.

பூச்சு காய்ந்த பிறகு மறுபடி அதே இருட்டு அறை. பிரைட்னஸை இறக்கி வைத்து அரை மணி நேரம், பிறகு முழு வெள்ளைப் படம் போட்டு அரை மணி நேரம் காதையும் கண்ணையும் தீட்டிக் கவனிக்க வேண்டும். மழை பெய்து காற்றில் ஈரம் ஏறிய ஒரு நாளில் இன்னொரு தடவை பார்த்துவிடுவது நல்லது. வறண்ட நாளில் அடங்கிக் கிடந்த கசிவு ஈரத்தில்தான் தலைகாட்டும்.