தொப்புள்ல சீழ் வெச்சா வீட்ல உக்காந்துராதீங்க, ஜிஎச்ல செலவு கிடையாது

பக்கத்து வீட்டு பொண்ணுக்கு குழந்தை பொறந்து ஒம்பதாவது நாள், தொப்புள் கொடி விழுந்த எடம் ஈரமா இருந்துச்சு, சுத்தி செவப்பு, லேசா நாத்தம் வேற, பாட்டி தேங்கா எண்ணெயும் சாம்பலும் கொழச்சு வெச்சிருந்தாங்க. ஏன் போகலன்னு கேட்டா "ஆயிரக்கணக்குல ஆகுமேக்கா"ன்னா. அதான் இதை எழுதுறேன்.

மொதல்ல பயம் எதுக்குன்னு சொல்லிடறேன். தொப்புள் கொடிக்குள்ள மூணு ரத்தக்குழாய், ரெண்டு தமனி ஒரு சிரை. அந்த சிரை நேரா கல்லீரல் பக்கம் போகுது, பொறந்த கொஞ்ச நாளைக்கு அந்த வழி முழுசா மூடியிருக்காது. கிருமி அதுல ஏறிச்சுன்னா ரத்தத்துல கலக்கலாம், கல்லீரலுக்கு போற பெரிய குழாய்ல ரத்தம் கட்டிக்கலாம். எல்லா குழந்தைக்கும் இப்படி ஆகாது, ஆனா அடைச்சுதுன்னா அப்போ ஒண்ணும் தெரியாம நாலஞ்சு வருஷம் கழிச்சு மண்ணீரல் வீங்கி ரத்த வாந்தி எடுக்குற பிள்ளைங்க இருக்காங்க.

இப்ப, ஜிஎச்ல செலவில்லாம பாக்குற அந்த அரசு திட்டம். பேரு ஜனனி சிசு சுரக்ஷா, சுருக்கமா ஜேஎஸ்எஸ்கே, மத்திய அரசு 2011 ஜூன்ல ஆரம்பிச்சது. மொதல்ல பொறந்து 30 நாள் வரைக்கும்தான், 2014ல ஒரு வயசு வரைக்கும்னு நீட்டிட்டாங்க. அரசு ஆஸ்பத்திரில ஒடம்பு சரியில்லாத குழந்தைக்கு ட்ரீட்மெண்ட், மருந்து, டெஸ்ட், தேவைப்பட்டா ரத்தம், எதுக்கும் காசு கிடையாது. ரேஷன் கார்டு என்ன கலர்னு யாரும் கேக்கக்கூடாது, வசதி இருக்கவங்களுக்கும் இதேதான். ஆரம்ப சுகாதார நிலையத்துல முடியலன்னா எஸ்என்சியூ (ஒடம்பு சரியில்லாத பச்சக் குழந்தைங்கள பாக்குற தனி வார்டு) இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அவங்களே வண்டி வெச்சு அனுப்பணும். ஆனா பிரைவேட்டுக்கு இது செல்லாது.

காகிதத்துல இப்படி, நேர்ல சில எடத்துல "ஸ்கேன் வெளிய எடுத்துட்டு வாங்க"ன்னு சீட்டு எழுதுவாங்க, எங்க சொந்தக்காரங்களுக்கே எழுதுனாங்க. அப்ப "ஜேஎஸ்எஸ்கேல வராதா சார்"னு அந்த பேரை சொல்லியே கேளுங்க, மசியலன்னா அரசு சுகாதார ஹெல்ப்லைன் 104க்கு போன் போடுங்க.

தொப்புள சுத்தி செவப்பு பரவுது, சீழ் வருது, பால் குடிக்கல, ஒடம்பு சுடுது இல்ல சில்லுனு இருக்கு, நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல மூச்சு வாங்குது, இதுல ஒண்ணு இருந்தாலும் நைட்டுன்னு பாக்காம 108 கூப்பிடுங்க.

டிஸ்சார்ஜ் ஆனதும் வீட்ல கொண்டு விடவும் ஃப்ரீ வண்டி உண்டு, அவங்களா சொல்ல மாட்டாங்க, நாமதான் வார்டு நர்ஸ்ட்ட கேக்கணும், அது தெரியாம அந்த பொண்ணு ஆட்டோவுக்கு 400 ரூவா குடுத்துட்டு வந்து நின்னா.