அத்தை வீட்டுக்குள் ஓர் எக்ஸ்சேஞ்ச்

பெங்களூர் அல்சூரில் என் அத்தை வீட்டுத் தொலைபேசிக்குப் போன ஆடியிலிருந்து ஒரு வினோதமான வியாதி. மணி அடிக்கிறது. எடுத்தால் தெளிவாகப் பேசலாம். ரிசீவரைத் தூக்கினால் டயல் டோனும் கேட்கிறது. ஆனால் வட்டத்துக்குள் விரலை விட்டு எண்ணைச் சுழற்றினால் ஒன்றும் நடப்பதில்லை. டோன் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

கருவி கறுப்பு நிறம், தூக்கினால் கை வலிக்கும் கனம். 1948இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) ஆலையில் செய்தது. அந்த ஆலையின் குடியிருப்புக்குப் பெயரே தூரவாணிநகர். கன்னடத்தில் தூரவாணி என்றால் தொலைபேசி. மாமா அங்கே வேலை பார்த்தவர் என்பதால் கருவியை மாற்றும் பேச்சு வீட்டில் எடுபடாது. எண்ணையும் மாற்ற முடியாது. வேலூரிலும் ஆம்பூரிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் 080 போட்டு மனப்பாடமாக அழைப்பது அதைத்தான். சாலையைத் தோண்டியதில் செம்புக் கம்பி அறுந்தபோது, எண் அதே எண்ணாக இருக்கும் என்ற உறுதியின் பேரில்தான் அத்தை ஃபைபர் இணைப்புக்குச் சம்மதித்தார்.

பழைய ஏற்பாட்டில் அந்த இரட்டைக் கம்பி மூன்று வேலை செய்தது. குரலைச் சுமந்தது, மணியை அடித்தது, கருவிக்கு மின்சாரமும் கொடுத்தது. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கிய பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் எப்போதும் கம்பியில் இருக்கும். அழைப்பு வந்தால் அதன்மேல் 70, 80 வோல்ட் மாறுமின்னோட்டம் ஏறும். அது நொடிக்கு இருபது, இருபத்தைந்து முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறி, உள்ளே இருக்கும் சிறு சுத்தியலை இரண்டு கிண்ணங்களுக்கிடையே ஆட்டும். ஊரே இருட்டில் கிடந்தாலும் தொலைபேசி மட்டும் உயிரோடு இருந்த ரகசியம் இதுதான்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. ஆகவே கம்பி செய்த வேலையெல்லாம் சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டியின் தலையில் விழுகிறது. தொலைபேசி செருகும் துளைக்குப் பின்னால் ஒரு சில்லு இருக்கிறது. அடாப்டர் கொடுக்கும் 12 வோல்ட்டை வாங்கி, எக்ஸ்சேஞ்சைப் போலவே கம்பிக்கு மின்னழுத்தம் கொடுத்துக் காத்திருக்கும். அழைப்பு வந்தால் மணிக்கு வேண்டிய உயர் அழுத்தத்தையும் அதுவே உண்டாக்கும். டயல் டோன்கூட இரண்டடித் தூரத்தில் உற்பத்தியாவதுதான். எக்ஸ்சேஞ்ச் வேஷம் கட்டிய பெட்டி என்று சொல்லலாம். அத்தையின் கருவி இன்றுவரை அதை நம்பிக்கொண்டிருக்கிறது.

வேஷத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் குறை. வட்டத்தைச் சுழற்றிவிட்டால், அது திரும்பி வரும்போது மின்சுற்றை அறுத்து அறுத்துச் சேர்க்கும்: 7க்கு ஏழு முறை, பூஜ்யத்துக்குப் பத்து முறை, நொடிக்குச் சுமார் பத்து என்ற வேகத்தில். பழைய எக்ஸ்சேஞ்ச் அந்த அறுப்புகளை எண்ணியது. இன்றைய பெட்டிகளில் பல எண்ணுவதில்லை. பொத்தான் தொலைபேசி எழுப்பும் இரட்டை ஒலியைத்தான் எதிர்பார்க்கின்றன. 5ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் என இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலிக்கும். அத்தையின் கருவிக்கு அந்தச் சங்கீதம் தெரியாது. (2021 ஜனவரி முதல் லேண்ட்லைனிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் ஒரு பூஜ்யம் போட வேண்டும். சுழற்றுகிறவர்களுக்கு அது முழுசாக ஒரு நொடி வேலை.)

பெட்டிக்கு அப்பால் நடப்பது முற்றிலும் வேறு உலகம். முன்பு எண் என்பது ஒரு கம்பியின் முனை. இப்போது அது ஒரு பதிவேட்டில் ஒரு வரி. ‘இந்த எண்ணுக்குரியவன் இன்ன முகவரியில் இருக்கிறேன்’ என்று பெட்டி நிறுவனத்தின் கணினியிடம் அவ்வப்போது சொல்லிவைக்கிறது. ஆம்பூரிலிருந்து அழைப்பு வந்தால், கணினி அந்த வரியைப் பார்த்துப் பெட்டியைத் தட்டுகிறது. இந்த உரையாடலுக்கான மொழி எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறை.

இனிக் குரல். பெட்டி அதை நொடிக்கு 8,000 முறை அளக்கிறது. ஒவ்வொரு அளவும் ஒரு பைட், அதாவது எட்டு பிட். 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம் என்று கட்டினால், பொட்டலத்துக்கு 160 பைட் குரல், அதன்மேல் முகவரி முதலியவற்றுக்கு 40 பைட். நொடிக்கு ஐம்பது பொட்டலங்கள், மொத்தம் 80 கிலோபிட். 40 மெகாபிட் இணைப்பில் இது ஐந்நூறில் ஒரு பங்கு. ஆகவே குரல் வெட்டுகிறது என்று அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டுவது பெரும்பாலும் வீண். சிக்கல் வேகத்தில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது.

பொட்டலங்கள் சம இடைவெளியில் கிளம்பினாலும் அப்படியே வந்து சேர்வதில்லை. ஒன்று தாமதிக்கும், அடுத்த மூன்று மொத்தமாக வரும். பெங்களூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காவிரித் தண்ணீர் இங்கே பல வீடுகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது, ஆனால் குழாயைத் திறந்தால் எப்போதும் தண்ணீர் விழுகிறது. மாடியில் தொட்டி இருக்கிறது. பெட்டிக்குள்ளும் அப்படி ஒரு தொட்டி. வந்த பொட்டலங்களைச் சற்றுத் தேக்கி, சீராக வெளியே விடுகிறது. தொட்டி சிறியதாக இருந்தால் குரல் வற்றி வெட்டும். பெரியதாக இருந்தால் தேங்கும் நேரம் கூடி, இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள். ஒரு பக்கப் பயணம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. சென்னைக்கு நேர்கோட்டில் ஃபைபர் இழுத்தால் வெளிச்சம் இரண்டு மில்லிநொடிக்குள் போய்விடும். மிச்ச நேரமெல்லாம் கட்டுவதிலும் காத்திருப்பதிலும் கழிகிறது.

தொலைந்த பொட்டலத்தை யாரும் திரும்பக் கேட்பதில்லை. போன பஸ்ஸுக்குக் கை காட்டி என்ன பயன்? முந்தைய ஒலியை லேசாக நீட்டிப் பெட்டி ஒப்பேற்றிவிடும். நிறுவனமே தரும் தொலைபேசித் துளையில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்துத் தனிப் பாதையில் அனுப்புவது வழக்கம். நாமாக ஒரு செயலியைப் போட்டுப் பேசும்போது, பேரன் வீடியோ ஏற்றும் நெரிசலில் குரலும் முண்டியடிக்க வேண்டியதுதான்.

சுழற்றும் சிக்கலுக்கு, வட்டத்தின் அறுப்புகளை இரட்டை ஒலியாக மாற்றும் இடைக்கருவிகள் உண்டு. அத்தை அதையெல்லாம் கேட்கவில்லை. பக்கத்து முக்காலியில் ஒரு சின்னப் பொத்தான் தொலைபேசி வந்து உட்கார்ந்தது. அழைப்பதற்கு அது, எடுப்பதற்கு இது.

அவர் கேட்டது வேறு. “கரண்ட் போனால்?” போனால் பெட்டியும் போகும், தொலைபேசியும் போகும், பேட்டரிகளின் பொறுப்பு இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. வழியில் ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் கருவி மின்சாரமே இல்லாமல் வேலை செய்கிற ரகம் என்பதால், வீட்டில் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். உள்ளங்கை அளவுள்ள 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்தோம். ஐப்பசி மழையில் தெருவே அணைந்த ஒரு மாலை, பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்க, மணி இரட்டை இரட்டையாக அடித்தது. “ஆம்பூர்க்காரியாகத்தான் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே அத்தை இருட்டில் எழுந்து போனார்.