ஈஸ்ட் தன் எண்ணெயை எங்கே வைக்கிறது?

ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்டில் கொழுப்பில் ஒட்டி ஒளிரும் நைல் சிவப்பு என்ற சாயத்தைக் கலந்து ஒளிர்வு நுண்ணோக்கியில் பாருங்கள். ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள செல்லுக்குள் பொன்னிறப் புள்ளிகள் மினுங்கும். ஒவ்வொன்றும் சுமார் 0.4 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள எண்ணெய்த் துளி. நெடுங்காலம் இவற்றை வெறும் கொழுப்புக் குவியல் என்றே பலரும் ஒதுக்கிவைத்திருந்தார்கள். எனக்கோ, செல்லுக்குள் இருக்கும் பொருள்களிலேயே மிக அழகாக உருவாவது இதுதான் என்று தோன்றுகிறது.

துளிக்குள் முக்கியமாக இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று டிரைகிளிசரைடு, கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தது. நம் அடுப்படி எண்ணெயும் பெரும்பாலும் இதுதான். மற்றொன்று, எர்கோஸ்டெராலோடு (நம் உடலின் கொலஸ்ட்ராலைப் போன்ற பொருள்) ஒரு கொழுப்பு அமிலம் பிணைந்த ஸ்டெரால் எஸ்டர். ஈஸ்டின் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் கட்டாயம் தேவை. அதைத் தயாரிக்க ஆக்ஸிஜன் வேண்டும். காற்றில்லாத இடத்தில் அகப்பட்ட ஈஸ்டுக்கு முன்பே சேர்த்துவைத்த எஸ்டர்தான் கைகொடுக்கிறது.

செல்லின் பிற சவ்வுகள் இரட்டை அடுக்கு கொண்டவை, ஏனெனில் அவற்றின் இரு பக்கமும் தண்ணீர். இந்தத் துளியைச் சூழ்ந்திருப்பதோ, சவ்வுகளைக் கட்டும் கொழுப்பு வகையான பாஸ்போலிப்பிடின் ஒற்றை அடுக்கு. உள்ளே எண்ணெய், வெளியே தண்ணீர் என்பதால் ஓர் அடுக்கே போதும்.

இந்த ஒற்றை அடுக்கு எங்கிருந்து வருகிறது? டிரைகிளிசரைடு உருவாகும் இடம், செல்லுக்குள் வலைபோலப் பரவியிருக்கும் எண்டோபிளாச வலையின் இரட்டை அடுக்குச் சவ்வு. அந்தச் சவ்வு சிறிதளவு எண்ணெயைத்தான் தனக்குள் தாங்கும். அளவு மீறினால் எண்ணெய் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே வில்லைபோலத் திரளும். பூரிக்குள் நீராவி இரண்டு தோல்களையும் பிரித்து உப்ப வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வில்லை பெருக்கப் பெருக்க செல்லின் உட்பக்கம் நோக்கிப் புடைக்கும்; மேல் அடுக்கே அதற்குப் போர்வையாகிவிடும்.

எங்கே புடைக்க வேண்டும் என்பதைச் செய்பின் என்ற புரதம் கவனித்துக்கொள்கிறது. ஈஸ்டில் பத்துச் செய்பின் மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்து, சவ்வில் அலையும் எண்ணெயை ஓரிடத்தில் திரட்டுகின்றன. செய்பின் இல்லாத ஈஸ்டில் துளிகள் ஒழுங்கிழந்துவிடும்: சில செல்களில் பூதாகரமான ஒரு துளி, சிலவற்றில் பொடித் துளிகளின் கொத்து.

மனிதரிலும் செய்பின் உண்டு. பிறவியிலேயே உடல் கொழுப்புத் திசு ஏறக்குறைய இல்லாமல் போகும் ஓர் அரிய நோயை 1954இல் பிரேசிலில் பெரார்டினெல்லியும் 1959இல் நார்வேயில் செய்ப்பும் விவரித்தார்கள். அதன் ஒரு வகைக்குக் காரணமான மரபணு 2001இல் கண்டறியப்பட்டபோது, செய்ப்பின் பெயரே புரதத்துக்கும் வந்தது. கொழுப்பு சேராத அந்த உடல்கள் நலமாக இருப்பதில்லை. இடமில்லாத கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கும், நீரிழிவு வரும். மனிதச் செய்பின் மரபணுவைக் குறையுள்ள ஈஸ்டுக்குள் செலுத்தியபோது துளிகள் சீரடைந்தன. இதைப் படித்த நாளில் எனக்கு உடல் சிலிர்த்தது.

கொழுப்பைச் சேர்க்கவே முடியாவிட்டால் என்ன ஆகும்? ஈஸ்டில் அந்த வேலையைச் செய்யும் நொதிகள் நான்கு. நான்கின் மரபணுக்களையும் நீக்கினால் துளியே இருக்காது. ஆனாலும் செல் பிழைத்துக்கொள்ளும். அதன் உணவில் ஒலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைக் கலந்தால்தான் ஆபத்து. ஒதுக்கி வைக்க இடமில்லாத கொழுப்பு அமிலம் சவ்வுகளைக் குலைக்கிறது. சாதாரண ஈஸ்ட் சமாளிக்கும் அளவிலேயே இந்தச் செல் நலிந்துபோகும். பசிக்காலத்துக்கான சேமிப்பு மட்டுமல்ல, நஞ்சாகக்கூடியதை அடைத்துவைக்கும் பெட்டியும் இதுதான்.

பெட்டியைத் திறப்பதற்கும் நேரம் உண்டு. டிரைகிளிசரைடை உடைக்கும் முக்கிய நொதிகளில் ஒன்று டிஜிஎல்4. செல் பிரிதலை நடத்தும் சிடிகே1 என்ற புரதமே இதையும் முடுக்கிவிடுகிறது என்று ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். தாய்ச் செல்லில், புதுச் செல்லாக வளரும் மொட்டு அரும்பப்போகும் வேளையில் பழைய எண்ணெய் கரைந்து, புதுச் சவ்வுக்கான கொழுப்பு அமிலத்தைத் தருகிறது. அந்த நொதி முடுக்கப்படாத ஈஸ்டில் மொட்டு தாமதமாகவே அரும்புகிறது.