நோயை வரவழைத்து உளுந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்

உளுந்து போட்டவர்கள் பயப்படுவது மஞ்சள் தேமல் நோய்க்குத்தான். இலையில் மஞ்சள் புள்ளிகள் விழுந்து, கொஞ்ச நாளில் செடியே மஞ்சளாகிவிடும், காய் சிறுத்துப்போகும். ஆனால் புது ரகம் உருவாக்குபவர்களுக்கு இந்த நோய் வயலுக்கு வந்தே ஆகவேண்டும். வராத வருடத்தில் எல்லா ரகமும் நல்ல ரகமாகத்தான் தெரியும்.

இந்த நோயைத் தருவது ஒரு வைரஸ். இலைச் சாற்றைத் தேய்த்து அதைச் செடிக்கு ஏற்றுவது பொதுவாக முடியாது. அதைப் பரப்புவது வெள்ளை ஈ. அதனால் சில வரிசைகளுக்கு ஒரு வரிசை, சீக்கிரம் நோய் வாங்கும் ரகமாக விதைக்கிறார்கள். கோ 5 போன்ற ரகங்களுக்கு இந்தப் பாவப்பட்ட வேலை. பூச்சிமருந்தும் அடிப்பதில்லை. நோய் வரிசையில் பெருகும் ஈ, பக்கத்து வரிசைகளையும் பதம் பார்க்கும். பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண். 1 என்றால் நோய் அண்டவில்லை. 9 என்றால் செடி போயே போய்விட்டது.

மகசூலை எடைபோடுவது இதைவிடச் சிக்கல். ஒரு செடியில் காய் அதிகம் என்றால் அது விதையின் குணமா, அந்த இடத்து மண்ணின் தயவா? உளுந்து தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வதால், நிலைபெற்ற ஒரு ரகத்தின் செடிகளெல்லாம் மரபில் ஏறக்குறைய ஒன்றே. அவற்றுக்குள் தெரியும் ஏற்ற இறக்கம் மண், ஈரம் இவற்றால் வருவது. ஒரே ரகத்தை வயலில் பல இடங்களில் விதைத்து அந்த அளவைக் கண்டுபிடித்து, ரகங்களுக்கு இடையிலான மொத்த வித்தியாசத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது மரபின் பங்கு. நூறு விதை எடையில் இந்தப் பங்கு பொதுவாக அதிகம், மகசூலில் குறைவு. அதனால்தான் மகசூலை மட்டும் பார்த்து ஆரம்பத்திலேயே செடி பொறுக்கினால் ஏமாற நேரிடும்.

தேவையான குணம் பயிரிடும் ரகங்களில் இல்லையென்றால் காட்டு உறவைத் தேடவேண்டும். வம்பன் 1 ரகத்தைக் காட்டு உளுந்துடன் சேர்த்துப் பிறந்ததுதான் வம்பன் 6. கேட்க எளிது. மொட்டு விரியுமுன்பே உள்ளே மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும் என்பதால், முந்தின சாயங்காலமே அந்தச் சின்ன மொட்டைப் பிரித்து, பத்து மகரந்தத் தாள்களையும் இடுக்கியால் எடுத்து, மறுநாள் காலை வேறு செடியின் மகரந்தத்தை வைக்கவேண்டும். இப்படிச் செய்த பூக்களில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும்.

காவிரி டெல்டாவுக்குத் தேவை வேறு. அங்கே நெல் அறுக்குமுன்பே, வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். பிறகு உழவு கிடையாது, மிச்ச ஈரம்தான் கதி. அந்த நிலைமைக்கென்று வந்தது ஆடுதுறை 3. இறவையில் நன்றாகக் காய்த்த ரகம் இங்கே சுணங்கலாம். காய்களெல்லாம் ஒரே சமயத்தில் முற்றவும் வேண்டும். இல்லையென்றால் பறிப்புக் கூலி கட்டாது.

இவ்வளவையும் தாண்டி வந்த ரகத்துக்குக் கிரைண்டரிலும் ஒரு சோதனை உண்டு. உளுந்து மாவு பொங்கி நிற்பதற்கு அதன் புரதமும் வழவழப்பான சர்க்கரைப் பொருளும் காரணம். அது ரகத்துக்கு ரகம் மாறும். மாவு காணாத உளுந்தை மகசூலுக்காக யாரும் இட்லிக்குப் போடமாட்டார்கள்.